பழைய ரேசர் தேடுகிறவர்கள் கேட்பவை: கடையில் துழாவுவதா, இணையத்தில் வாங்குவதா?

பழைய ரேசர்களைத் தேடி வாங்குகிறேன் என்று தெரிந்ததும், "இதையெல்லாம் எங்கே பிடிக்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். வாங்கிய ரேசரால் மறுநாள் காலை முகம் மழிக்கிற ஆள் நான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறவர்களுக்குச் சில இடங்களில் வேறு கருத்து இருக்கும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: கடையா, இணையமா?

என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்தால் இணையம். தெரியாதவரை பழைய பொருள் கடை.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒன்றுமே தெரியாத நாளில் இணையத்தில் ஏலம் கேட்டுப் பணத்தை விடுகிறார்கள். நன்றாகத் தெரிந்த பிறகு, ஒரு குறிப்பிட்ட மாடலுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கிக் காலத்தை விடுகிறார்கள். பழைய பொருள் கடையில் உங்களுக்கு வேண்டியது இருக்காது. அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கும். ஆனால் எடுத்து, திருகி, மோந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, காசு கொடுக்காமல் திரும்ப வைக்கலாம். அந்தப் பழக்கம் கையில் ஏறிய பிறகுதான் படத்தைப் பார்த்து வாங்கும் தைரியம் வரவேண்டும். உண்மையைச் சொன்னால், நான் தினமும் பயன்படுத்தும் இரண்டு ரேசர்கள் இணையத்தில் வாங்கியவை. அவற்றை வாங்கத் தெரிந்தது கடைகளில்.

புதிதாகவே கிடைக்கும்போது பழையது எதற்கு?

இன்றைக்குக் கடையில் வாங்கும் சாதாரண இரட்டை முனை பிளேடு, நூறு ஆண்டுக்கு முந்தைய ரேசரிலும் பொருந்தும் என்பது முதல் காரணம். கிங் கேம்ப் ஜில்லெட்டின் சேஃப்டி ரேசர் விற்பனைக்கு வந்தது 1903ல். அந்த ஆண்டு விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் என்பார்கள். மறு ஆண்டு, 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. பிளேடின் நடுத்துளையின் வடிவம் பின்னால் மாறினாலும், பழைய ரேசரின் மூன்று முளைகள் இன்றைய பிளேடின் துளைக்குள் உட்காரும். நூறு வருடத்துப் பொருளுக்கு உதிரிபாகம் மூலைக்கடையில் கிடைப்பது வேறு எதில் நடக்கும்?

இரண்டாவது, உலோகம். நல்ல பழைய ரேசர்கள் பித்தளையால் ஆனவை, மேலே நிக்கலோ தங்கமோ பூசியவை. பித்தளை துருப்பிடிக்காது. சோப்பும் சுண்ணாம்பும் படிந்து, பார்க்கச் சகிக்காமல் கிடப்பதைக் கழுவினால் உள்ளே பத்திரமாக இருக்கும். இப்போது வரும் மலிவு ரேசர்களில் பல துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன் பூச்சு எங்காவது விட்டுப்போனால் உள்ளே அரிப்பு தொடங்கிவிடும், அப்புறம் நிறுத்த முடியாது.

கடைக்குள் போனதும் எங்கே தேடுவது?

"ரேசர் இருக்கிறதா?" என்று கேட்டால் பத்துக்கு எட்டு கடைக்காரர்கள் இல்லை என்பார்கள். பொய் சொல்வதில்லை, இருப்பது அவர்களுக்கே தெரியாது. பெட்டியோடு வந்த ரேசர் பெரும்பாலும் பெட்டியாகவே கிடக்கும். மூடியைத் திறந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நகைப்பெட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு, சிகரெட் டப்பி என்று நினைத்து வைத்திருப்பதைத் திறந்தால் உள்ளே வெல்வெட் பள்ளத்தில் ரேசர் படுத்திருக்கும்.

பிரிந்து வந்த ரேசர் இன்னும் வேடிக்கையான இடங்களில் இருக்கும். மூடி, தட்டு, கைப்பிடி என்று பிரியும் மூன்று துண்டு ரேசரின் கைப்பிடி பழைய திருகாணிகளோடு ஒரு டப்பாவில், தலைப்பகுதி பொத்தான்களோடு இன்னொன்றில். தையல் பெட்டிக்குள் பார்க்க மறக்காதீர்கள். பிளேடு ஒரு காலத்தில் நூல் வெட்டவும் பயன்பட்டதால் ரேசரும் கூடவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். சவரத் தூரிகை, சோப்புக் கிண்ணம், தோல்வார் ஏதாவது கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். ஒரு வீட்டுச் சாமான் மொத்தமாக வந்திருக்கிறது என்று பொருள், ரேசரும் பக்கத்தில்தான் எங்காவது இருக்கும்.

ஒன்று கவனம். டப்பாவுக்குள் கையைத் துழாவவிடாதீர்கள், முதலில் கண்ணை விடுங்கள். நான் ஒருமுறை தகர டப்பாவில் கிடந்த ரேசரை அவசரமாகத் திருகித் திறந்தேன். உள்ளே கரேலென்று துருவேறிய பிளேடு ஒன்று பாதி உடைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கியதும் ஒரு சில்லு விரல் நுனியில் ஏறியது. கடைக்காரர் கட்டுப்போடத் துணி தேடினார், நான் இரத்தம் சொட்டச் சொட்ட விலை கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எந்தப் பழைய ரேசரையும் உள்ளே பிளேடு இருப்பதாகவே நினைத்துத் திறக்கிறேன்.

கையோடு என்ன எடுத்துப்போக வேண்டும்?

சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு பழைய துணி. கடைக்காரர் சம்மதித்தால் மாட்டிப் பார்க்க, தாளில் சுற்றியபடி புது பிளேடு ஒன்று. காந்தம் கொண்டுபோகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிதாக உதவியதில்லை. பித்தளையும் ஒட்டாது, துத்தநாகக் கலவையும் ஒட்டாது, இரண்டையும் பிரித்தறியத்தானே வேண்டும்? அதற்குப் பூச்சு தேய்ந்த இடத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் தெரிந்தாலோ பூச்சுக்கடியில் கொப்புளம் இருந்தாலோ கலவை, வைத்துவிடுங்கள்.

சேஃப்டி ரேசரைக் கையில் எடுத்தால் எதை முதலில் பார்ப்பது?

பளபளப்பை மட்டும் பார்க்காதீர்கள், அது கடைசி. முதலில் தலையைப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேல்மூடிக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா? ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் எப்போதோ கல்தரையில் விழுந்த ரேசர் அது. பிளேடு மாட்டினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் கடிக்கும்.

விழுந்து மூலை வளைவது அந்தக் காலத்திலேயே பெரிய தொல்லை. மூடியின் மூலை வளைந்தால் அதன்கீழ் இருக்கும் பிளேடும் வளையும், தாடையில் கீறல் விழும். அதனால்தான் ஜில்லெட் 1930ல் பிளேடின் நான்கு மூலைகளையும் வெட்டிவிட்ட வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்றைய பிளேடுகளும் அதே வெட்டுமூலையோடுதான் வருகின்றன. ஆகவே மூலையில் சின்ன வளைவு இருந்தால் பயப்பட வேண்டாம். நடுவில் வளைந்திருந்தால்தான் சிக்கல்.

சீப்புப் பல் போல விளிம்பு உள்ள பழைய வகையில் பற்களை விரலால் வருடுங்கள். ஒரு பல் மட்டும் தூக்கியிருந்தால் விரல் காட்டிக்கொடுக்கும், கண் தவறவிடும். அடுத்தது கைப்பிடி. உள்ளே பொள்ளலான பித்தளைக் குழாய் என்றால் கழுத்துப் பக்கம் முடி அளவுக்கு விரிசல் இருக்கக் கூடும், இறுக்கி இறுக்கித் திருகியதால் வருவது. லென்ஸ் வேண்டியது இதற்குத்தான். பிறகு மரையைத் திருகிப் பாருங்கள். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் நடுவில் நின்றால் மரை தேய்ந்திருக்கிறது, அல்லது வேறு ரேசரின் கைப்பிடியை மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அடியில் உள்ள குமிழைத் திருகினால் மேலே இரு கதவுகளும் பட்டாம்பூச்சி போல் விரியும் வகை இருக்கிறதே, அதில் கதவுகள் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் மூடவேண்டும். மூடிய பிறகு இரண்டும் சந்திக்கும் கோடு நேராக இருக்கவேண்டும். கோணலாக இருந்தால் அழகுக் குறை என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். வளைந்த கதவை வீட்டில் நிமிர்த்த முடியாது. நான் முயன்றேன், உடைந்தது.

கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் வகையில் தனியாக ஏதாவது பார்க்கணுமா?

பார்க்கணும். பழைய ரேசர்களில் ஆசைப்பட்டு ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். உண்மையில் கூர்மை மாறுவதில்லை. தலைக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் திருப்பினால் கீழ்த்தட்டு மேலும் கீழும் நகர்ந்து பிளேடின் இடைவெளி மாறும். 1 முதல் 9 வரை எண் போட்டிருக்கும். ஜில்லெட் 1958 முதல் 1961 வரை செய்த, 'ஃபேட்பாய்' என்று எல்லோரும் செல்லமாக அழைக்கும் தடித்த கழுத்து மாடல் இதில் பிரபலம். அதன்பின் வந்த மெல்லிய 'ஸ்லிம்' எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அடிக்குமிழைச் சற்றுத் தளர்த்திவிட்டு வளையத்தை 1க்கும் 9க்கும் திருப்புங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தட்டு இறங்குவது தெரியவேண்டும். திரும்பவே மறுத்தால் கடையில் கையால் பலம் கொடுக்காதீர்கள். பல சமயம் உடைந்திருக்காது, பழைய சோப்பு இறுகியிருக்கும்.

நான் இணையத்தில் வாங்கிய முதல் ஃபேட்பாய் இப்படித்தான் வந்தது. "அருமையாக வேலை செய்கிறது" என்று எழுதியிருந்தார்கள், வளையமோ 5ல் நின்று அசைய மறுத்தது. விற்றவர் என் செய்திகளுக்குப் பதில் போடவில்லை. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நான்கு சொட்டு விட்டு ஊறவைத்தேன், ஆறியதும் நீரை மாற்றினேன். இரண்டாம் நாள் இரவு கிண்ணத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. யாரோ ஒருவரின் ஐம்பது வருடத்துச் சவரம்! மூன்றாம் நாள் காலை வளையம் 'டிக்' என்று 6க்குத் தாவியது. அதற்காக, "சோப்புதான் இறுகியிருக்கும்" என்று நம்பி இறுகிய ரேசரை இணையத்தில் வாங்கச் சொல்லமாட்டேன். எனக்குக் குருட்டு அதிர்ஷ்டம் அடித்தது.

எந்த ஆண்டு செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்காவில் செய்த ஜில்லெட் என்றால் சுலபம். 1951 முதல் தலையின் அடித்தட்டில் ஒரு பக்கம் ஆங்கில எழுத்தும் மறுபக்கம் 1 முதல் 4 வரை ஓர் எண்ணும் பொறித்தார்கள். எழுத்து ஆண்டு, எண் அந்த ஆண்டின் காலாண்டு. 'டபிள்யூ' 1951, 'எக்ஸ்' 1952, 'ஒய்' 1953, 'இசட்' 1954. எழுத்து தீர்ந்ததும் 1955க்கு 'ஏ'வில் மறுபடி தொடங்கினார்கள். எனவே 'எஃப்'போடு 3 என்றால் 1960ன் மூன்றாம் காலாண்டு. பிறந்த காலாண்டில் செய்த ரேசரைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறுவதற்கு அவர்களும் ஒரு காரணம்.

மிக முந்தைய ரேசர்களில் வரிசை எண் இருக்கும். இடைப்பட்டவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, வடிவத்தை வைத்துத்தான் கணிக்கவேண்டும். பெட்டியில் அச்சிட்ட காப்புரிமைத் தேதியைத் தயாரித்த தேதி என்று விற்பனையாளர்கள் எழுதுவது வழக்கம். 1904 என்று போட்ட ரேசர் அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் வந்திருக்கலாம்.

சவரக்கத்தி வாங்கலாமா? அதையும் கடையில் பார்க்கலாமா?

சவரக்கத்தியைக் கடையில் மட்டும்தான் வாங்கவேண்டும் என்பது என் பிடிவாதம். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்ஸின் தியேர், ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா, எந்த ஊர் முத்திரை வால்பகுதியில் இருந்தாலும் சரி, முத்திரை பார்த்து மயங்காதீர்கள். அலகைப் பாருங்கள்.

கத்தியை முழுக்கத் திறந்து, முதுகு கீழேயும் விளிம்பு மேலேயும் இருக்கும்படி பிடித்து, விளிம்பின் மேல் டார்ச் அடியுங்கள். நல்ல விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்கே வெள்ளைப் புள்ளி மின்னுகிறதோ அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. சின்னப் புள்ளியைச் சாணைக்கல்லில் எடுத்துவிடலாம். விளிம்பிலிருந்து மேலேறும் கோடு தெரிந்தால் அது விரிசல், கத்தியின் கதை முடிந்தது. அடுத்து முதுகு. தீட்டும்போது முதுகும் கல்லில் படுவதால் அங்கே ஒரு பட்டையான தேய்மானம் இருக்கும். அது இரு பக்கமும் மெல்லிய ஒரே அளவுக் கோடாக இருந்தால் தீட்டியவருக்குக் கை வாகு இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அகலமாக, நுனியில் ஒரு மாதிரி, அடியில் ஒரு மாதிரி என்றால் நீங்கள் கல்லோடு மல்லுக்கட்டவேண்டும். விளிம்பு நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தாலும் அப்படியே. விளிம்போரம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ மோட்டார் சாணையில் பிடித்திருக்கிறார்கள். எஃகு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் நீலமாகும், பதம் அதற்கு முன்பே போயிருக்கும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

இதெல்லாம் நல்ல படத்திலும் ஓரளவு தெரியும். படத்தில் தெரியாதது வாசனை. கைப்பிடி செல்லுலாய்டாக இருந்தால் மூக்கருகே கொண்டுபோங்கள். செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். நன்றாக இருக்கும் செல்லுலாய்டைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் லேசாகப் பூஜையறை மணக்கும். கெட்டுப்போனதில் மூக்கைக் குத்தும் புளித்த நெடி வரும், மேற்பரப்பில் வியர்த்த மாதிரி பிசுக்கு இருக்கும். அப்படிச் சிதையும் செல்லுலாய்டு அமில ஆவியை விடுகிறது. மூடிய கத்தியில் கைப்பிடிக்குள் இருக்கும் அலகுப் பகுதியை அது தின்றுவிடும், பக்கத்தில் வைத்த மற்றக் கத்திகளையும் விடாது. அலகில் துரு அந்த இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பது இன்னொரு காரணம். இணையத்தில் எந்தப் படமும் இந்த நெடியைச் சொல்லாது.

"மழிக்கத் தயார்" என்று எழுதி விற்கும் கத்திகளைப் பற்றிக் கேட்கிறார்கள். தீட்டுவதையே தொழிலாகச் செய்பவர் எழுதினால் நம்பலாம். வீடு காலி செய்து விற்பவர் எழுதினால், தாள் வெட்டிப் பார்த்தேன் என்று அர்த்தம். தாள் வெட்டுவது வேறு, தாடை மழிப்பது வேறு.

வாங்கிவிட்டுப் பிளேடு கிடைக்காமல் போகுமா?

போகும். இரட்டை முனை ரேசருக்கு அந்தக் கவலை இல்லை. 'ஜெம்', 'எவர்-ரெடி' போன்ற ஒற்றை முனை ரேசர்களுக்கு, ஒரு பக்கம் தடித்த முதுகுள்ள பிளேடு இன்னும் செய்கிறார்கள். ஆனால் சுவர் வண்ணம் சுரண்டுவதற்கென்று விற்கும் பூச்சில்லாத வகையை முகத்தில் வைக்காதீர்கள், பூச்சுள்ள எவர்சில்வர் வகையைத் தேடுங்கள். பிளேடைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகும் 'ஷிக்' இஞ்செக்டர் ரேசருக்கும் பிளேடு கிடைக்கிறது. 'ரோல்ஸ் ரேசர்' என்று ஒன்று அடிக்கடி கண்ணில் படும். உலோகப் பெட்டியின் ஒரு மூடியில் கல்லும் மறு மூடியில் தோலும் இருக்கும், கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் பிளேடு தானே தீட்டிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கும் அந்தச் சத்தத்துக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். கல் உடைந்து பிளேடில் சில்லும் போயிருந்தால் அது வெறும் பெட்டிதான். இவை தவிர, தனக்கென்று தனி வடிவப் பிளேடு கேட்கும் விசித்திர ரேசர்கள் பல உண்டு. கடையில் கண்டால் விலை மலிவாகத்தான் இருக்கும், பிளேடு இல்லாததால்.

இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து எப்படி முடிவெடுப்பது?

படத்தில் காட்டியதைவிடக் காட்டாததைப் பாருங்கள். ஆறு படத்திலும் பெட்டியும் கைப்பிடியும் மட்டும் இருந்தால் தலையில் ஏதோ இருக்கிறது. நான் கேட்கும் படங்கள் மூன்று: தலையைக் கண் மட்டத்தில் இரு முனையிலிருந்தும், கதவு திறந்து உள்பக்கம், அடித்தட்டின் எழுத்து. வளையம் உள்ளதென்றால் 1லும் 9லும் வைத்து எடுத்த படம். இதற்குச் சலிக்காமல் பதில் அனுப்புகிறவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தும் வாங்குவேன். "படத்தில் உள்ளதுதான்" என்று ஒற்றை வரியில் முடிக்கிறவரை விட்டுவிடுவேன்.

சொற்களுக்கும் ஓர் அகராதி தேவை. "பரிசோதிக்கவில்லை" என்றால் பரிசோதித்துவிட்டார்கள், வேலை செய்யவில்லை. "வயதுக்கேற்ற நிறம்" என்றால் பூச்சு போய்விட்டது. "அரிது" என்று எழுதியிருந்தால் அதே பக்கத்தில் இன்னும் நாற்பது பேர் அதையே விற்றுக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அரிதானதை விற்பவர் பெரும்பாலும் "தாத்தாவின் ரேசர்" என்றுதான் தலைப்பு போடுவார், ஏனென்றால் அவருக்குத் தெரியாது. அந்தத் தலைப்பைத் தேடுங்கள். எழுத்துப் பிழையோடு பெயரைத் தட்டியும் தேடுங்கள். ஐந்தாறு ரேசர்களைக் குவித்து எடுத்த ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் பலன் தரும், குவியலில் ஒன்று மற்ற ஐந்தின் விலைக்கும் சமமாக இருக்கலாம்.

மறுபூச்சு செய்ததை மறைத்து விற்பது நடக்கிறது. பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, கீறலின் மேலேயே பளபளப்பு ஏறியிருந்தால் மறுபூச்சு. அதில் தவறில்லை, பழையதென்று சொல்லி விற்பதுதான் தவறு. கைப்பிடி நுனியின் வண்ணமும் அப்படித்தான். 1955 வாக்கில் ஜில்லெட் மென்மையான தோலுக்கு நீல முனை, முரட்டுத் தாடிக்குச் சிவப்பு முனை என்று பிரித்து விற்றது. சிவப்பு முனைக்கு இன்று நல்ல கிராக்கி. வண்ணம் யாரும் பூசலாம். சிவப்பு முனை ரேசர் கையில் கனக்கும், எனவே எடையைக் கிராமில் கேளுங்கள்.

கடையில் பேரம் பேசுவது எப்படி?

ரேசரை மட்டும் எடுத்துப்போய் விலை கேட்டால் உங்கள் முகமே விலையை ஏற்றிவிடும். வேறு இரண்டு பொருளோடு சேர்த்துக் கேளுங்கள். குறையைக் காட்டிக் குறைக்கச் சொல்லலாம், இல்லாத குறையைச் சொல்லாதீர்கள்.

விலை தெரியாமல் மலிவாகக் கொடுத்தால் உண்மையைச் சொல்லவேண்டுமா என்று கேட்கிறார்கள். கடை வைத்திருப்பவர் வியாபாரி, விலை தெரிந்துகொள்வது அவர் வேலை, நான் சொல்வதில்லை. வீட்டுச் சாமானை விற்கும் முதியவர் என்றால் சொல்லிவிடுவேன். ஒருமுறை அப்படிச் சொன்னதும் அவர் ரேசரை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விற்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

வரவழைக்கலாம், பிளேடைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிக்குள் ரேசர் ஆடாதபடி பொதியச் சொல்லுங்கள், கதவு வளைவது பாதி தபாலில்தான். தந்தக் கைப்பிடி போட்ட பழைய ஷெஃபீல்டு கத்திகளில் மட்டும் கையை வைக்காதீர்கள். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989ல் தடை முடிவானது. பழம்பொருள் என்ற விலக்கு நாட்டுக்கு நாடு மாறும், சுங்கத்தில் பறிபோனால் பணமும் போகும். ஆமை ஓட்டுக்கும் இதே கதி. மாட்டுக்கொம்பு என்று எழுதியிருந்தாலும் படத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் வலைபோல் தெரிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தத்தின் வெட்டுமுகத்தில் அப்படி இருக்கும்.

யாரோ ஒருவர் முகத்தில் ஓடிய ரேசர். அருவருப்பாக இல்லையா?

முதல்முறை இருந்தது. பிளேடு புதிது, உலோகத்தைக் கழுவிவிடலாம் என்று தெரிந்ததும் போய்விட்டது. வெதுவெதுப்பான நீர், பாத்திரச் சோப்பு, மென்மையான பல்துலக்கி. துலக்கிய பிறகு உலரவைத்து, 70 சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிடம். அவ்வளவே. கொதிநீரில் போடாதீர்கள், தங்கப் பூச்சின் மேலுள்ள வார்னிஷ் உரியும். வினிகரும் எலுமிச்சையும் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும், கூடவே பூச்சையும் தொடும். பிளீச் வேண்டவே வேண்டாம். தங்க முலாம் மேல் பாலிஷ் தேய்த்து, கறையோடு தங்கத்தையும் துடைத்தெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன். சவரக்கத்தியின் கைப்பிடி கொம்போ மரமோ என்றால் ஊறவைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தவேண்டும்.

பூச்சு போனதை மறுபடி பூசலாமா?

மழிக்க வேண்டுமென்றால் தாராளமாக. விற்க வேண்டுமென்றால் தொடாதீர்கள்.

முதல்முறை வாங்குகிறவருக்கு எது?

1930களின் கடைசியில் வந்து பல பத்தாண்டுகள் ஓடிய ஜில்லெட் 'டெக்'. மூன்றே துண்டு, உடைய ஒன்றுமில்லை, மென்மையாக மழிக்கும், ஏராளமாகச் செய்ததால் எங்கும் அகப்படும். இரண்டாவதாக 1947 முதல் வந்த 'சூப்பர் ஸ்பீடு', கதவு விரியும் வகையில் சாதுவானது. இரண்டும் கடையில் எதிர்ப்படக் காத்திருக்கலாம், இல்லையென்றால் இணையத்தில் நிதானமாக வாங்கலாம், அவசரப்பட ஒன்றுமில்லை. ஃபேட்பாயோடு தொடங்காதீர்கள். முதல் நாளே 9ல் வைத்துப் பார்க்கத் தோன்றும்.

எத்தனை ரேசர் இருந்தால் போதும்?

இதை என் வீட்டிலும் கேட்கிறார்கள். கேள்வி வந்ததும் நான் குளியலறைக் கதவைச் சாத்திவிடுவேன்.